இன்னொருத்தி வேஷம்

எங்கள் அடுக்ககத்தில் தண்ணீர் லாரிக்காகச் சண்டை நடந்திருக்கிறது. கார் நிறுத்தும் இடத்துக்காக நடந்திருக்கிறது. மூன்றாவது மாடியில் ஒருவர் வளர்த்த புறாக்களுக்காகக்கூட நடந்திருக்கிறது. கடல் தாண்டி வாழ்கிற ஒரு அரச குடும்பத்துக்காகச் சண்டை நடந்தது மட்டும் ஒரே ஒரு தடவைதான். அந்தச் சண்டையை நாடகமாக எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

சேலையூரில் இருக்கிறது எங்கள் கட்டடம். அந்த வருடம் மழை விடாமல் பெய்து, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதால் மாலையில் யாரும் வெளியே போக முடியவில்லை. வீட்டுக்குள் அடைந்து கிடந்த பெண்கள் ஒவ்வொருவராக அந்த அரச குடும்பத்தைப் பற்றிய தொடரைப் பார்க்க ஆரம்பித்தோம். கதை உலகத்துக்கே தெரிந்ததுதான். இருபது வயதை அப்போதுதான் எட்டிய ஒரு பெண், அவளைவிடப் பல வயது மூத்த பட்டத்து இளவரசர், உலகமே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பார்த்த கல்யாணம். மாப்பிள்ளை தேவாலயத்தில் நின்றார். அவர் மனசு மட்டும் பழைய சிநேகிதி வீட்டு வாசலில் நின்றது. அது மணப்பெண்ணுக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை. பிறகு அவளும் ஆறுதலை வேறு இடத்தில் தேடினாள். பிரிவு வந்தது, விவாகரத்து வந்தது. பல வருடம் கழித்து இளவரசர் அந்தப் பழைய சிநேகிதியையே கட்டிக்கொண்டார்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதற்காக இரண்டு கட்சி உருவானது. பெரும்பான்மை, இளவரசி கட்சி. சிறுபான்மை, “ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு” கட்சி. இளவரசர் பக்கம் பேச ஒரே ஒருவர்தான் இருந்தார், அது என் கணவர். அவர் குழுவில் எதுவும் போடவில்லை. சாப்பிடும்போது, “பாவம், அந்த ஆளும் மனசுக்குப் பிடிச்சவளக் கட்ட முடியாமத்தானே போச்சு?” என்று வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான். “உங்களுக்கு அப்படி யாரு இருந்தா?” என்று நான் கேட்டேன். அன்றிலிருந்து ஒரு வாரம் அவர் சட்டினியை அவரே அரைத்துக்கொண்டார்.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் தாலுகா அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தகராறையும் ஒரு கூட்டம் போட்டு முடித்துவிடலாம் என்று நம்புகிறவர். பொங்கலை ஒட்டி நடக்கும் ஆண்டு விழாவுக்கு, இந்த அரச குடும்பக் கதையையே நகைச்சுவை நாடகமாகப் போட்டுவிடலாம் என்று அவர்தான் சொன்னார். “மேடைல சிரிச்சிட்டா க்ரூப்ல சண்டை போட மாட்டாங்க, மேடம். நீங்கதான் எழுதணும்.”

நான் காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். புத்தகங்களை அடுக்குகிறவளுக்கு எழுதவும் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை. பல் மருத்துவமனை வாட்ச்மேனுக்குப் பல் பிடுங்கத் தெரியும் என்பது மாதிரி. மறுத்துப் பார்த்தேன். நடக்கவில்லை. தினமும் மின்ரயிலில் உட்கார்ந்து எழுதினேன். மாமியார் மகாராணி, கணவர் இளவரசர், இளவரசி, பழைய சிநேகிதி என்று நாலே பாத்திரம். பழைய சிநேகிதிக்குக் கறுப்புக் கண்ணாடியும், உதட்டுச் சாயமும், உள்ளே வரும்போதெல்லாம் ஒரு ‘டொய்ங்’ சத்தமும் வைத்தேன். எனக்கே மிகவும் பிடித்திருந்தது.

மகாராணி வேஷத்தைச் செயலாளரே எடுத்துக்கொண்டார். மீசையை எடுக்க முடியாது என்று மட்டும் நிபந்தனை. இளவரசர், இளவரசி யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. முதல் மாடி அண்ணனும் அக்காவும்தான்.

அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு ரசாயனம் விற்கும் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தவர். அந்தக் காலத்தில் மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். அக்கா பம்மலில் பிறந்து வளர்ந்தவர். கட்டடத்தில் எல்லோரும் ஆங்கிலம் கலந்து மெதுவாகப் பேசும்போது, அக்கா மட்டும் பம்மல் பேச்சைப் பேசுவார். அது மாடிப்படி வரைக்கும் கேட்கும். இருவரும் தினமும் மாலை சேர்ந்துதான் நடப்பார்கள். அக்காவின் கைப்பையை அண்ணன் தோளில் மாட்டியிருப்பார். கல்யாண நாள் வந்தால் குழுவில் அவர் எழுதிய கவிதை ஒன்று வந்து விழும். “அவங்களப் பாருங்க” என்பது எங்கள் கட்டடத்து மனைவிகள் எல்லோரும் கணவன்மாரிடம் ஒரு தடவையாவது சொன்ன வாக்கியம். கட்டடத்து ஆண்களுக்கு அண்ணனைக் கண்டால் உள்ளூர ஆகாது.

பழைய சிநேகிதி வேஷத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஒருவர், மாமியார் ஊரிலிருந்து வருகிறார் என்றார். இன்னொருவர், “என் வீட்டுக்காரர் கோவிச்சுக்க மாட்டாரு, மேடம். சந்தோஷப்படுவாரு. அதான் பயம்” என்றார். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டாவது மாடிப் பெண், அந்தப் பாத்திரத்தைக் கொஞ்சம் ‘ஸ்ட்ராங்கா’ எழுதினால் யோசிப்பதாகச் சொன்னாள். கூட்டம் இழுத்துக்கொண்டே போனது.

“அத்த நான் பண்றேன்” என்று அக்கா சொன்னார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். செயலாளர், “அக்கா, நீங்க இளவரசி” என்றார்.

“இளவரசிய அந்தப் பொண்ணு பண்ணட்டும். வயசும் சரியா கீது. எனக்கு இன்னொருத்தி வேஷம் குடுங்க.”

“நீ எதுக்கும்மா அந்த வேஷமெல்லாம்?” என்று அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“கடைசில யாரு ராணியானா? அவதான?” என்றார் அக்கா. கூட்டம் சிரித்தது. முடிவும் ஆகிவிட்டது.

ஒத்திகை கீழ்த்தளத்தில், மோட்டார் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் சங்க அறையில் நடந்தது. யாராவது மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினால் வசனம் கேட்காது. இளவரசியான ஐ.டி. பெண் மடிக்கணினியோடு வருவாள். அழுகிற காட்சியின் நடுவில், “ஒரு நிமிஷம், கால்ல இருக்கேன்” என்று காதில் கை வைப்பாள். அண்ணன் அவளைப் பார்த்துக் காதல் வசனம் பேசக் கூச்சப்பட்டு, அவளுடைய செருப்பைப் பார்த்துப் பேசினார். செயலாளர் சேலைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டே மூன்று நாள் திரிந்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அக்கா மட்டும் ‘டொய்ங்’ சத்தத்தோடு உள்ளே வந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்.

“இதெல்லாம் வாணாம், மேடம். அவ இப்டி இருக்க மாட்டா.”

“காமெடிதானே அக்கா.”

“காமெடிதான். ஆனா இப்டி இருக்க மாட்டா. எனக்குத் தெர்யும்.”

அண்ணன் அப்போது அறையில் இல்லை. தேநீர் வாங்கப் போயிருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. துணிமணி வாங்க நானும் அக்காவும் மேற்குத் தாம்பரம் கடைவீதிக்குப் போனோம். இளவரசிக்கு ஒரு நீள வெள்ளை கவுன், மகாராணிக்குக் கிரீடம், இளவரசருக்கு மார்பில் குத்த நாலு பதக்கம். வாடகைக்கு விடும் கடையில் வெள்ளைக்காரப் பெண் முடி என்று ஒன்றைக் காட்டினார்கள். இளவரசியின் அந்தப் புகழ்பெற்ற வெட்டு முடியைக் கேட்டால், பொன்னிறத்தில் இடுப்பு வரை தொங்கும் ஒன்றைக் கொடுத்து, “வெட்டிக்காதீங்க, அடுத்த வாரம் மோகினி வேஷத்துக்கு வேணும்” என்றார் கடைக்காரர். சிரித்து முடித்து, வெயில் தாங்காமல் ஒரு சாத்துக்குடி ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம். அங்கேதான் நான் கேட்டேன்.

“எப்படி அக்கா தெரியும், அவ அப்படி இருக்க மாட்டான்னு?”

அக்கா உறிஞ்சுகுழாயை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தம்ளரோடு ஒரு மடக்குக் குடித்தார்.

“நான் நேர்ல பாத்துகீறேன். அவருக்கு ஒருத்தி இருந்தா. ராணிப்பேட்டைல. பேரப் பாரு, ராணிப்பேட்டை!”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய கதை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். அண்ணன் ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று போய்வருவார். பம்மலிலேயே தோல் கம்பெனியில் வேலை பார்த்த சொந்தக்காரர் ஒருவர் அக்காவிடம் வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். அக்கா பிள்ளைகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினார்.

“வழியெல்லாம் ஒத்திகைதான், மேடம். கதவத் தொறந்ததும் முடியப் புடிக்கணும், தெருவுல இஸ்துகினு வரணும், ஊரக் கூட்டணும்னு. நல்லா சினிமாக்காரி கணக்கா ஒருத்தி வருவான்னு நெனச்சேன். லிப்ஸ்டிக்கு, ஜாக்கெட்டு, நீ எழுதிகினு கீறியே அந்த மாதிரி. கதவு தொறந்துச்சு. என்னவிட வயசானவ. கண்ணாடி போட்டுகினு, முன்னாடியெல்லாம் நரச்சுப் போய். கைல செவப்பு பேனா. டீச்சராம். பரீச்சப் பேப்பர் திருத்திகினு இருந்தா.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா? கை எழும்பல. அழகா இருந்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். சரி, ஆம்பளபுத்தி, அழகுக்கு மயங்கிட்டான்னு வந்திருப்பேன். இவள்ட்ட இன்னாத்தக் கண்டாருன்னு அங்கியே நின்னுகினு யோசிக்கிறேன். அவ என்னப் பாத்ததும் புரிஞ்சிகினா. உள்ள கூப்ட்டு தண்ணி குடுத்தா. நான் வாங்கல. அவளே கேட்டா, ‘அவருக்கு வயித்துவலி இப்ப எப்படி இருக்கு?’ன்னு.”

அக்கா தம்ளரைச் சுற்றிச் சுற்றி மேசைமேல் உருட்டினார்.

“எனக்கு அவருக்கு வயித்துவலின்னே தெர்யாது, மேடம். என்னாண்ட சொன்னதே இல்ல. ஒரே வூட்டுல இருந்துகினு, தெனமும் சோறு போட்டுகினு, தெர்யாது. அவளுக்கு எந்தப் பக்கம் வலின்னு வரைக்கும் தெர்யுது. அதான் எனக்கு ஒரே பேஜாராப் பூட்சி. மத்ததெல்லாம் அப்புறம்தான்.”

திரும்பும் பஸ்ஸில் அழவில்லையாம். வீட்டுக்கு வந்து குழம்பில் காரத்தைக் குறைத்தாராம். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொஞ்ச நாளில் அந்த உறவு தானாக அறுந்துபோனது என்பதும் சொந்தக்காரர் மூலமாகத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அண்ணன் கைப்பையைத் தூக்க ஆரம்பித்திருக்கிறார். கவிதையும் அதற்குப் பிறகுதான்.

“அவருக்குத் தெரியாதா, உங்களுக்குத் தெரியும்னு?”

“தெர்யாது.” அக்கா எழுந்து புடவையை உதறினார். “அந்தக் கண்ணாடிய எடுத்துட்டு, ஒண்ணு சேத்துக்க. இளவரசன் அவள்ட்ட போய் வயித்துவலின்னு சொல்லணும்.”

அன்று இரவு என் கணவர், “நாடகம் எந்த மட்டுல இருக்கு?” என்று கேட்டார். “உங்களுக்கு வயிறு வலிச்சா யார்கிட்ட சொல்வீங்க?” என்று கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்து, இதில் ஏதோ பொறி இருக்கிறது என்று முடிவு செய்து, “டாக்டர்கிட்ட” என்றார்.

நான் அந்த வசனத்தைச் சேர்த்தேன். சேர்க்கலாமா என்று இரண்டு நாள் தடுமாறினேன் என்பது உண்மை. இது அவர்கள் வீட்டு விஷயம். அதை மேடை போட்டு எழுத நான் யார்? ஆனால் கேட்டது அக்கா. தவிர, எழுதிப் பார்த்தபோது அந்தக் காட்சி முதல் தடவையாகக் காட்சி மாதிரி இருந்தது. அதுவரை நான் எழுதியதில் இளவரசர் எதற்காக அந்தச் சிநேகிதியைத் தேடிப் போகிறார் என்பதற்குக் காரணமே இல்லை. ‘டொய்ங்’ சத்தத்தைத் தேடி யாரும் போக மாட்டார்கள் அல்லவா?

ஒத்திகையில் அண்ணன் புதுத்தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டே வந்தார். “வயிறு வலிக்குது” என்ற இடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கட்டும் என்று காத்திருந்தார்.

“இதை யார் எழுதினது?” என்று என்னைக் கேட்டார்.

“நான்தான், அண்ணா.”

“இளவரசனுக்கு வயித்துவலியா? கதைல அப்படி இல்லையே?”

“வலி யாருக்கும் வரலாமே” என்றார் செயலாளர், கிரீடத்தைச் சரிசெய்தபடி. அவருக்கு எதுவும் தெரியாது. அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா ஊக்கை வாயில் கடித்தபடி இளவரசியின் கவுனுக்குப் பின்பக்கம் குத்திக்கொண்டிருந்தார்.

ஆண்டு விழா அன்று மொட்டைமாடியில் பந்தல். தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு விமானம் எங்கள் தலைக்கு மேலே போனபோது, மகாராணி கையசைத்ததில் முதல் கைதட்டு விழுந்தது. மீசையோடு ஒரு மாமியார் வந்து, “இந்த அரண்மனைல அழக்கூடாது, அழுதா கம்பளம் நனையும்” என்று சொன்னதற்கு இரண்டாவது. இளவரசி பொன்னிற மோகினி முடியோடு அழுதாள். தாலி கட்டியவனைப் பற்றிய உண்மை தெரிந்த காட்சியில் அவள் முடி ஒருபக்கம் சரிந்தது. அவள் அழுதுகொண்டே அதைத் திருப்பி வைத்தாள். பிள்ளைகள் தரையில் புரண்டு சிரித்தார்கள்.

அடுத்தது அந்தக் காட்சி. அக்கா சாதாரணக் காட்டன் புடவையில், மூக்குக்கண்ணாடி போட்டு, கையில் ஒரு சிவப்புப் பேனாவோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பேனா நான் எழுதியதில் இல்லை. பதக்கங்கள் குலுங்க அண்ணன் வந்தார். பேனாவைப் பார்த்தார். வசனம் வரவில்லை.

நான் திரைக்குப் பின்னாலிருந்து, “வயிறு வலிக்குது” என்று எடுத்துக்கொடுத்தேன். ஒலிபெருக்கியில் அதுவும் கேட்டுவிட்டது. கூட்டம் சிரித்தது.

“வயிறு… வலிக்குது” என்றார் அண்ணன்.

“வூட்டுல சொன்னியா?” என்றார் அக்கா. இதுவும் நான் எழுதியதில்லை.

“இல்ல.”

“ஏன் சொல்லல?”

அண்ணன் மார்பிலிருந்த பதக்கம் ஒன்றைத் திருகினார். வசனம் மறந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். சிம்மாசனத்தில் இருந்த செயலாளர், நாடகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு தன்னுடையது என்று எழுந்து, “மகனே! மோர் குடி, சரியாகிடும்!” என்று முழங்கினார். பந்தலே அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அண்ணன் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சொன்னா அவ கவலப்படுவான்னு சொல்லல” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஒலிபெருக்கி பிடித்துக்கொண்டது.

“அது அவ பட வேண்டிய கவல. அத்த எட்த்துகினு வந்து எனக்கு ஏன் குடுக்கற?”

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களிடமிருந்து கைதட்டு எழும்பி, மாடி முழுக்கப் பரவியது. என் கணவர்கூடத் தட்டினார். இளவரசி கட்சிக்கும் மற்றக் கட்சிக்கும் அன்று வித்தியாசமே இல்லை. அண்ணன் பதக்கங்களைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கிப் போய்விட்டார். மிச்சக் காட்சிகளை மகாராணியும் இளவரசியும் பேசி ஒப்பேற்றினார்கள்.

மறுநாள் காலை நான் ரயிலுக்குக் கிளம்பும்போது அண்ணன் வாசல் கேட் அருகே நின்றிருந்தார். தூங்கின முகமாக இல்லை.

“மேடம், அவளுக்கு எவ்வளவு நாளா தெரியும்?”

“அக்காகிட்டயே கேளுங்க, அண்ணா.”

“கேட்டேன். ‘நீயா சொல்லு, அப்புறம் நான் சொல்றேன்’ங்கறா.”

“அப்ப சொல்லுங்க” என்றேன். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அந்த மாதம் முழுக்க முதல் மாடியிலிருந்து சத்தம் கேட்டது. இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்த சத்தம். பிறகு அக்கா பம்மலுக்குத் தங்கை வீட்டுக்குப் போய்ச் சில வாரம் இருந்தார். மாலை நடையில் அண்ணன் தனியாகப் போனார். அக்காவுக்கு முழங்கால் வலி என்று கட்டடம் பேசிக்கொண்டது. திரும்பி வந்த பிறகு இருவரும் சேர்ந்து நடந்தார்கள், ஆனால் சண்டை போட்டுக்கொண்டே. ஷேர் ஆட்டோவை எங்கே நிறுத்தச் சொல்வது என்பதற்குக்கூடச் சண்டை. அந்த வருடக் கல்யாண நாளுக்குக் கவிதை வரவில்லை. “அவங்களப் பாருங்க” என்று யாரும் சொல்வதை விட்டுவிட்டார்கள். கட்டடத்து ஆண்கள் அண்ணனைக் கேரம் விளையாடக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கொஞ்ச நாள் முன்னால், ஒரு விடுமுறை நாளில், தாம்பரத்திலிருந்து பீச் போகும் ரயிலில் பெண்கள் பெட்டியில் அக்காவைப் பார்த்தேன். ஒரு பை நிறைய கொய்யாக்காய் வைத்திருந்தார். தங்கையைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். நான் கேட்காமல் இருந்திருக்கலாம்.

“மன்னிச்சிட்டீங்களா, அக்கா?”

“தெர்ல” என்றார். “சில நாள் காத்தால மன்னிச்சிடறேன். சாய்ங்காலம் ஞாபகம் வந்துடுது.” ஒரு கொய்யாவை எடுத்துப் புடவையில் துடைத்து என்னிடம் நீட்டினார். “அவள அப்பவே ஒரு தபா திரும்பிப் போய்ப் பாத்திருக்கணும், மேடம். தண்ணி குடுத்தா பாரு, வாங்கிக் குட்சிருக்கலாம். பஸ்ஸுல அவ்ளோ தாகம்.”

பல்லாவரம் வந்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு இறங்கி, நடைமேடையில் யாரோ ஒரு பையன் காலை மிதித்துவிட்டான் என்று அவனை நன்றாகத் திட்டிக்கொண்டே பம்மல் பஸ் நிற்கும் பக்கம் நடந்தார். ரயில் கிளம்பிய பிறகும் அவர் குரல் கேட்டது.